முயலுக்கு மட்டும் எப்போதும் சிவப்பு

ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். ஆனால் டீச்சர் இல்லாத நேரத்தில் ஆசிரியர்கள் அறையிலும் அதே பெயர்தான் ஓடியது. இது அவருக்குத் தெரியும். யார் முதலில் வைத்தது என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பையன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்து நின்றபோது, "பேரு வச்சவன் நீதானே?" என்று கேட்டு, வாசலிலேயே அவனுக்கு வேர்க்க வைத்தவர் அவர்.

சந்தேகம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். வேலையை டிப்போவிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தால் "கை கழுவினியா, காட்டு" என்பார். காட்டினால் சோப்பு வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருக்கும்? டீச்சர் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். சரியாக இழுத்தோமா என்ற சந்தேகத்தில் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். போனைப் பார்த்து அவர் சிரித்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"யாரு?"

"மூணாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சாம்மா."

"அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

"உள்ள மாட்டிக்கிட்டது எங்க சூப்பர்வைசர்."

போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் டீச்சரும் சிரிப்பார்.

கெட்ட மனுஷி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளை சரியான விடை சொன்னால் மற்ற டீச்சர்கள் "வெரிகுட்" சொல்லி அடுத்த கணக்குக்குப் போவார்கள். இவர் போகமாட்டார். "எப்படி வந்துச்சு? சொல்லு" என்று நிற்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பிள்ளைகள் கணக்கு கற்றுக்கொண்டார்கள். காப்பியடிப்பதுதான் அவருக்கு ஆகவே ஆகாது. பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கூட்டு சேர்ந்துவிடுவார்கள் என்று மாதம் பிறந்ததும் முன் பெஞ்சுப் பிள்ளைகளைப் பின்னாலும், பின் பெஞ்சுப் பிள்ளைகளை முன்னாலும் மாற்றிவிடுவார். வேறு எந்த வகுப்பிலும் கிடையாத சட்டம் இது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்படிப்பட்டவரின் வகுப்புக்குத்தான் டேப்லெட்கள் வந்து சேர்ந்தன.

கொண்டுவந்தவர் புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் சார். சின்ன வயசு. ஒரு காதில் எப்போதும் ஏதோ மாட்டியிருக்கும். அவர் சொன்ன விஷயம் ரொம்ப எளிது. டீச்சர் பாடம் நடத்தி முடித்ததும் பிள்ளைகளின் டேப்பில் கேள்வி வரும். ஆளுக்கு ஒரு விடையைத் தொடுவார்கள். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. யாருக்குப் பாடம் ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று டீச்சர் கையில் இருக்கும் டேப்பில் அப்போதே பெயரோடு தெரிந்துவிடும்.

"அது என் கண்ணுக்கே தெரியும். முகத்தைப் பார்த்தா தெரியாதா?" என்றார் டீச்சர்.

"முகம் பொய் சொல்லும் டீச்சர்" என்று சிரித்தார் கம்ப்யூட்டர் சார்.

அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பிடிக்கவில்லை. யாருக்குச் சொல்கிறான் இவன்? பிள்ளைகளை அளக்க வந்த மெஷினா, தன்னை அளக்க வந்த மெஷினா? அன்றைக்கே தன் டேப்பின் கேமரா மீது ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினார். பிள்ளைகளின் டேப்கள் காணாமல் போய்விடும், மாறிவிடும் என்று தலைமை ஆசிரியையிடம் போய் நின்று, ஒவ்வொன்றையும் அந்தந்த மேஜையோடு கம்பி போட்டுப் பூட்ட வைத்தார். சாவி அவருடைய கைப்பையில்.

பிள்ளைகள் பார்க்கும் பெரிய திரையிலும் விடைகள் வரும். சிவப்பு வாங்கிய பிள்ளையின் பெயர் அங்கே தெரிந்தால் அவமானம் என்று கம்ப்யூட்டர் சார் ஒரு வழி செய்திருந்தார். பெயருக்குப் பதில் ஆளுக்கு ஒரு மிருகம். அவரவர் டேப்பின் மூலையிலும் அது நிற்கும். முதல் நாள் வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே பெயர்களைப் பதிவு செய்தார். கடைசி பெஞ்ச் ஜன்னலோரம் ஒட்டகம். முன் பெஞ்ச் ஜன்னலோரம் முயல். இப்படியே வகுப்பு முழுக்க ஒரு மிருகக்காட்சிசாலை. எந்த மிருகம் எந்தப் பிள்ளை என்ற முழுப் பட்டியல் டீச்சரின் டேப்பில் மட்டும் இருக்கும். மிருகங்களை டீச்சர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டார்.

போகும்போது கம்ப்யூட்டர் சார் ஒரு வார்த்தை சொன்னார். "டீச்சர், டேப் மேஜையோட பூட்டியிருக்கு பாருங்க. பெஞ்ச் கிஞ்ச் மாத்தினா மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

என் வகுப்புப் பெஞ்சைப் பற்றி இவனுக்கு என்ன கேள்வி? என் சட்டத்தைப் பற்றி யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதில் மூக்கை நுழைக்கப் பார்க்கிறான். டீச்சருக்கு அப்படித்தான் தோன்றியது. "சரி சரி" என்று தலையாட்டி அனுப்பிவைத்தார். மாதம் பிறந்தது, பெஞ்சுகளை மாற்றினார், யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அதிசயம் ஆரம்பித்தது.

அந்த வகுப்பில் கொட்டாவி என்று ஒரு பெண் இருந்தாள். விடியும் முன்பே அம்மாவோடு எழுந்துவிடுகிறவள். அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. வகுப்பில் கொட்டாவி விடாத நேரத்தில்கூட அவள் வாய் கொட்டாவி விடப்போவதுபோலவே இருக்கும். போன வருஷம் முழுப்பரீட்சையில் அவளுடைய ஸ்கேலுக்குப் பின்னால் பென்சிலில் எழுதிய ஏழாம் வாய்ப்பாட்டைப் பிடித்தவர் டீச்சர்தான். தலைமை ஆசிரியை அம்மாவை வரவழைத்துக் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை பிடிபட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம், பேச்சே கிடையாது. அடுத்த பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். "இங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா அவ எங்கூடவே இஸ்திரி போட வந்துடுவா, வேற என்ன பண்றது" என்றார் அம்மா. மிரட்டலாகச் சொல்லவில்லை, நடக்கப்போவதைத்தான் சொன்னார்.

அந்தக் கொட்டாவியின் பெயருக்கு நேராக இப்போது பச்சை. மறுநாளும் பச்சை. பின்னம் கூட்டல், வகுப்பிலேயே கஷ்டமான பாடம். அதிலும் பச்சை. அதே சமயம் முந்திரிக்கொட்டைக்குச் சிவப்பாக விழுந்தது. கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்லும் பையன் அவன், டீச்சரின் செல்லம். அவன் பெயரோடு ஒரு கை படம் வேறு அடிக்கடி எழும்பியது. புரியவில்லை என்றால் பிள்ளைகள் தங்கள் டேப்பில் ஒரு கையைத் தொடலாம். அது டீச்சரின் டேப்பில் வந்து நிற்கும். டீச்சர் பார்த்துவிட்டு நீக்கினால் பிள்ளையின் திரையிலும் கை மறைந்துவிடும்.

முந்திரிக்கொட்டைக்குப் பின்னம் புரியவில்லையாம்! டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. குறும்புக்காரன், விளையாடுகிறான் என்று கையை நீக்கினார். தினமும் வந்தது, தினமும் நீக்கினார். சிவப்பு நிற்காமல் வரவே, மெஷின் கோளாறு என்று முடிவுகட்டிக் கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் வந்து பையனின் டேப்பைத் தட்டிப் பார்த்தார். "டேப் நல்லாத்தான் இருக்கு டீச்சர். நீங்க ஒருவேளை பெஞ்ச்..."

"என் பெஞ்சை நான் பாத்துக்கறேன். நீங்க மெஷினைப் பாருங்க."

கம்ப்யூட்டர் சார் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

பையனுக்குச் சிவப்பு வந்தால் மெஷின் மேல் சந்தேகம். பெண்ணுக்குப் பச்சை வந்தால் பெண் மேல் சந்தேகம். ஒரே மெஷின்தானே, ஒன்றில் பொய் சொல்லி இன்னொன்றில் உண்மை சொல்லுமா என்று டீச்சர் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் தினமும் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தது.

துப்பறியும் வேலையில் இறங்கினார். வராந்தாவிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தார், பென்சில் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார், உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் செருப்புச் சத்தம் கேட்காமல் போய்க் கொட்டாவியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவள் விரல் தப்பான விடையைத் தொட்டதைக் கண்ணால் பார்த்தார். பெரிய திரையில் முயல் சிவப்பாக மாறியது. "முயல் மறுபடியும் அவுட்டு!" என்று வகுப்பே சிரித்தது. டீச்சர் "சத்தம்!" என்று அதட்டிவிட்டுத் தன் டேப்பைப் பார்த்தார். கொட்டாவிக்கு நேராகப் பச்சை.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பார்கள். பூதக்கண்ணாடிக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியென்றால் விடையை வெளியிலிருந்து யாரோ மாற்றுகிறார்கள்! யாரால் மாற்ற முடியும்? காதில் மாட்டிக்கொண்டு திரிகிறானே, அவனால்தான். இந்தப் பெண் அவனுக்குச் சொந்தமாக இருப்பாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்தக் குட்டிப் பொண்ணுக்காக ஒருத்தன் உக்காந்து தினமும் மார்க்கை மாத்துவானா? அவனுக்கு வேற வேலை இல்லியா?"

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். அதான் எல்லாரும் உங்க தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

"அரைச்சா அரைச்சுட்டுப் போகட்டும்மா. அந்தப் புள்ள படிப்பு போயிடப் போவுது, பாத்துக்க."

அந்தக் கடைசி வார்த்தை டீச்சரைக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் காலையில் எழுந்ததும் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குத்தான் போனார்.

தலைமை ஆசிரியைக்கு டேப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாதது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருப்பார். "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது டீச்சர்" என்று சொல்லி, கொட்டாவியின் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். கம்ப்யூட்டர் சாரையும் வந்து நிற்கச் சொன்னார்.

அம்மா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். முன்கையில் சூடு பட்ட தழும்புகள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கொட்டாவி அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜையில் டி.சி. புத்தகம் திறந்து கிடந்தது.

தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டு."

அவள் எழுதினாள். மேலே இருந்த எண்களைக் கூட்டினாள், கீழே இருந்த எண்களைக் கூட்டினாள். ஐந்தில் இரண்டு.

"பாத்தீங்களாம்மா? டேப்புல எல்லாம் சரி. தாள்ல ஒண்ணுமே வரல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" தலைமை ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

அம்மா குழம்பிப்போனார். "டேப்புல சரியா? என்னங்க சொல்றீங்க? சிவப்பா வருது, சிவப்பா வருதுன்னு தினமும் வீட்ல வந்து அழுவுறாளே."

"பொய்" என்றார் டீச்சர். "இந்த மாசம் இவளுக்கு ஒருநாள்கூடச் சிவப்பு வந்ததில்ல. தினமும் நான் பாக்கறேன்."

கொட்டாவி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "முயலுக்கு எப்பவும் சிவப்புதானே டீச்சர்."

"முயலுக்கும் உனக்கும் என்ன? உன் படம்..." டீச்சர் கைப்பையிலிருந்து தன் டேப்பை எடுத்து முதல் தடவையாக அந்த மிருகங்களைப் பார்த்தார். "உன் படம் ஒட்டகம்."

"அது முன்னாடி டீச்சர். கடைசி பெஞ்சுல இருந்தப்ப. நீங்க பெஞ்ச் மாத்தினதும் முயல் வந்துடுச்சு. ஒட்டகம் அவனுக்குப் போயிடுச்சு."

"எவனுக்கு?"

"முந்திரிக்கொட்டைக்கு. அவந்தானே இப்ப என் இடத்துல இருக்கான்."

டீச்சர் தன் டேப்பை மறுபடி பார்த்தார். முன் பெஞ்ச் பின்னால், பின் பெஞ்ச் முன்னால். பிள்ளைகள் இடம் மாறினார்கள், கம்பி போட்டுப் பூட்டிய டேப்கள் மாறவில்லை. அந்த இரண்டு பெஞ்சுகளில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாங்குகிறவர்கள். அதனால் யாருடைய மாற்றமும் கண்ணில் படவில்லை. இந்த இரண்டு பேருடையது மட்டும் பட்டது. பூட்டச் சொன்னதும் அவர்தான். பெஞ்சை மாற்றியதும், மாற்றியதைச் சொல்லாமல் விட்டதும் அவர்தான்.

தலைமை ஆசிரியைக்கு ஒட்டகமும் விளங்கவில்லை, முயலும் விளங்கவில்லை. "என்னமோ உளறுது" என்று பேனா முனையை டி.சி. தாளில் வைத்தார். கம்ப்யூட்டர் சார் மட்டும் டீச்சரைப் பார்த்தார். விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டாரே.

ஒரு நிமிஷம் டீச்சருக்குக் கெட்ட புத்தி வந்தது. பேசாமல் இருந்துவிட்டால்? கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டு, இந்தத் தடவை மன்னித்துவிடுங்கள் மேடம் என்று பெரிய மனசு காட்டிவிட்டால்? அப்போது அம்மா மகளின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அழாத, வேலைக்கு நல்ல பொண்ணா வந்துடு" என்று சொன்னது கேட்டது.

"எழுதாதீங்க மேடம்" என்றார் டீச்சர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இவ காப்பியடிக்கல. கம்ப்யூட்டர் சாரும் எதையும் மாத்தல. நான் பெஞ்சை மாத்திட்டு யார்கிட்டயும் சொல்லல. இவ போட்டதெல்லாம் அவன் பேர்ல விழுந்திருக்கு, அவன் போட்டது இவ பேர்ல. தப்பு என்னுது."

தலைமை ஆசிரியை எல்லாம் புரிந்தவர்போல மெதுவாகப் பேனாவை மூடினார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப இவ இங்கயே படிக்கலாமா?"

"படிக்கலாம்" என்றார் டீச்சர். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மதிய இடைவேளையில் வகுப்பு காலியாக இருந்தபோது டீச்சர் முந்திரிக்கொட்டையின் பெயரைத் தொட்டு, பழைய விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாத் தப்பும் ஒரே தப்பு. மேலே மேலேயோடு, கீழே கீழேயோடு கூட்டல். ஒருநாள் அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு தப்புக்கும் கீழே ஒரு கை. ஒவ்வொரு கைக்குப் பக்கத்திலும், டீச்சர் நீக்கிவிட்டார் என்ற குறிப்பு.

கொட்டாவியைக் கூப்பிட்டு ஜன்னலோரம் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"தினமும் கையைத் தொட்டியா?"

"தொட்டேன் டீச்சர்."

"எங்கிட்ட நேர்ல வந்து கேட்டிருக்கலாமே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நேர்ல கேட்டா திட்டுவீங்க. டேப்புல கேட்டா திட்டமாட்டாங்கன்னு கம்ப்யூட்டர் சார் சொன்னாரு. நீங்க திட்டல. கை வந்ததும் அழிச்சிடுவீங்க. நான் பாத்துட்டே இருப்பேன், போயிடும்."

  டீச்சர் மேஜையில் கிடந்த ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் இரண்டாக மடித்தார். பிரித்துவிட்டுக் குறுக்கே மூன்றாக மடித்தார். மறுபடி பிரித்தபோது தாளில் ஆறு கட்டங்கள் இருந்தன.

"இங்க பாரு. பாதிக்கு எத்தனை கட்டம்? நீயே எண்ணிச் சொல்லு."

கொட்டாவி தாளைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தை, கையை, மூடியிருந்த கைப்பையை, மறுபடி முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கதவை இழுக்கிற பார்வை.

"இது சொல்லித் தர்றதா டீச்சர், இல்ல செக் பண்றதா?"

"சொல்லித் தர்றதும்மா. சத்தியமா."

அவள் நம்பவில்லை. இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டு, தாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார்.